பிடிச்ச மீனை ஏன் விடணும்?

"ஏண்டா தம்பி, ரெண்டு மணி நேரம் வண்டியில போயி, இடுப்பளவு பச்சத் தண்ணியில நின்னு, ஒரு மீனப் புடிச்சு, அதையும் ஆத்துலயே வுட்டுட்டு வந்தியா? ஒனக்கென்ன கிறுக்கா?"

போன மாதம் போனில் அம்மா கேட்டது. ரொம்ப நியாயமான கேள்வி. எங்கள் ஊர்ப் பக்கம் (கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவில் ஒரு கிராமம்) தூண்டில் போடுவது என்றால் மண்புழு, தக்கை, கெளுத்தி, சாயங்காலம் குழம்பு. அவ்வளவுதான். பிடித்த மீனை முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விட்டுவிட்டு வருகிறவனை ஊரில் வேறு பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

அம்மாவுக்குப் போனில் சொன்ன பதில் சரியாக அமையவில்லை. காசு ஏறிக்கொண்டே இருந்தது போல் ஒரு அவசரம் (வாட்ஸப்பில் காசு ஏறாது என்றாலும் பழைய பழக்கம்!). அதனால் இங்கே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். மீனில் ஆரம்பித்து அணையில் போய் முடியும். நான் படிப்பது சிவில், அதிலும் நீரியல் என்பதால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

முதலில், இந்த ஃபிளை ஃபிஷிங் என்றால் என்ன?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை ஃபிஷிங்கில் முள்ளில் இருப்பது கோழி இறகு, மான் முடி, கொஞ்சம் நூல். இவற்றைச் சுற்றிக் கட்டிய ஒரு போலிப் பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. அதனால் இங்கே கனம் நரம்பில் இருக்கிறது. தடிமனான அந்த லைனைப் பின்னால் வீசி, அது காற்றில் நீளமாக விரியும்வரை ஒரு நொடி காத்திருந்து, பிறகு முன்னால் வீச வேண்டும். அந்த ஒரு நொடியைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கோடைக்காலம் முழுக்க ஆனது. காத்திருக்காமல் வீசினால் சாட்டை மாதிரி 'பட்'டென்று சத்தம் வரும், பூச்சி அறுந்து பறந்துவிடும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். எழுபதைத் தாண்டிய தாத்தா. சியாட்டிலிலிருந்து மலையைத் தாண்டி யாகிமா ஆற்றுக்குத்தான் முதலில் கூட்டிப்போனார். போனதும் தூண்டிலைக் கையில் கொடுப்பார் என்று பார்த்தால், ஆற்றில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டச் சொன்னார். கல்லின் அடியில் சின்னச் சின்ன மணல் குழாய்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே புழு. கேடிஸ் என்ற பூச்சியின் இளம்பருவம், தனக்குத் தானே கட்டிக்கொண்ட வீடு. பக்கத்திலேயே தட்டையாக ஒரு மேஃபிளை குஞ்சு, கொஞ்சம் பெரிதாக ஒரு ஸ்டோன்ஃபிளை குஞ்சு. இவையெல்லாம் மாதக்கணக்கில், சில வகைகள் வருடக்கணக்கில், தண்ணீருக்கடியில் வாழ்ந்துவிட்டு ஒரு நாள் மேலே வந்து இறக்கை விரிக்கும். டிரௌட் மீனுக்கு அதுதான் தீபாவளி. அந்த வாரம் எந்தப் பூச்சி வெளிவருகிறதோ, அதே அளவில், அதே நிறத்தில் கட்டிய போலியைப் போட்டால்தான் மீன் திரும்பிப் பார்க்கும்.

ஸ்டோன்ஃபிளைக்குச் சுத்தமான, குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த தண்ணீர் வேண்டும். தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போவது அதுதான். ஆக, இந்த விளையாட்டை ஆடுகிறவன் ஒவ்வொரு முறையும் ஆற்றைப் பரிசோதித்துவிட்டுத்தான் ஆரம்பிக்கிறான். கையில் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கடையைக் கட்ட வேண்டியதுதான். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதில் போராடிக் களைத்த மீனை விட்டாலும் பிழைக்காது. மொன்டானா மாநிலத்தில் கோடையில் இப்படிச் சூடாகும் ஆறுகளில் மதியம் 2 மணிக்கு மேல் மீன்பிடிக்கத் தடையே போடுவார்கள்.

சரி, இப்போது கதாநாயகனுக்கு வருவோம்.

ரெயின்போ டிரௌட், ஸ்டீல்ஹெட். இந்த இரண்டும் ஒரே இனம். அறிவியல் பெயரும் ஒன்றுதான், ஓங்கோரிங்கஸ் மைகிஸ். ஒரே ஆற்றில், ஒரே தாய் இட்ட முட்டைகளில் பொரித்த குஞ்சுகளில் சில ஆற்றிலேயே தங்கிவிடும், முழங்கை நீளத்துக்கு வளரும். அதுதான் ரெயின்போ டிரௌட். சில குஞ்சுகள் இரண்டு மூன்று வருடம் ஆற்றில் இருந்துவிட்டு, உடம்பு வெள்ளி நிறமாக மாறி, கடலுக்குக் கிளம்பிவிடும். பசிபிக் கடலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சுற்றி, ஐந்து கிலோ, பத்து கிலோ என்று தின்று பெருத்து, தான் பிறந்த அதே ஆற்றைத் தேடிக்கொண்டு திரும்பும். அதுதான் ஸ்டீல்ஹெட். பசிபிக் சால்மன்கள் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட் சில சமயம் மறுபடி கடலுக்குப் போய், இன்னொரு தடவையும் வரும்.

ஊரிலேயே தங்கிய அண்ணன், வெளிநாடு போய்த் திரும்பும் தம்பி. எங்கள் தெருவில் பாதி வீட்டுக் கதை இதுதான். :-)

ஸ்டீல்ஹெட்டை ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்பார்கள். மிகைப்படுத்தல் இல்லை. இரண்டு குளிர்காலம் ஒலிம்பிக் தீபகற்பத்து ஆறுகளில் மழையில் நின்றிருக்கிறேன். ஆற்றின் குறுக்கே வீசி, ஓட்டத்தில் பூச்சி வளைவாக நகர்ந்து வர விட்டு, ஓரடி கீழே இறங்கி, மறுபடி வீசி... நாள் முழுக்க இதுவேதான். மொத்தம் எனக்கு மாட்டியது இரண்டு. ஒன்றுக்கு முதுகின் பின்பக்கம், வாலுக்கு முன்னால் இருக்க வேண்டிய சின்னக் கொழுப்புத் துடுப்பு இல்லை. அப்படியென்றால் அது பொரிப்பகத்தில் வளர்ந்த மீன். குஞ்சாக இருக்கும்போதே அடையாளத்துக்காக அந்தத் துடுப்பை வெட்டிவிட்டுத்தான் ஆற்றில் விடுவார்கள். அதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்து வந்து புளி கரைத்துக் குழம்பு வைத்தோம் (அம்மா, இதைப் படித்தால் கொஞ்சம் நிம்மதி அடையவும்). இன்னொன்றுக்குத் துடுப்பு இருந்தது. காட்டு மீன். வாஷிங்டன் மாநிலத்தில் அப்படித் திருப்பி விட வேண்டிய ஸ்டீல்ஹெட்டைத் தண்ணீரை விட்டு முழுசாக வெளியே தூக்குவதே சட்டப்படி குற்றம். கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே வைத்து, கொக்கி இல்லாத அந்த மழு முள்ளைக் கழற்றினேன். பத்து நொடி என் கையில் இருந்திருக்கும். வாலை ஒரு அடி அடித்தது, போய்விட்டது.

ஏன் இவ்வளவு பவ்யம்? எண்ணிக்கை அப்படி. ஸ்டீல்ஹெட் வாஷிங்டன் மாநிலத்தின் மாநில மீன். ஆனால் சியாட்டிலைச் சுற்றியுள்ள பியூஜெட் சவுண்ட் ஆறுகளின் ஸ்டீல்ஹெட் 2007 முதல் அழியும் ஆபத்துள்ளவை பட்டியலில் இருக்கிறது. கொலம்பியா ஆற்றுப்படுகையில் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன் ஆண்டுக்கு ஒரு கோடி முதல் 1.6 கோடி வரை சால்மனும் ஸ்டீல்ஹெட்டும் திரும்பி வந்திருக்கும் என்பது மதிப்பீடு. இன்று அதில் சிறு பங்குதான், அதிலும் பெரும்பாலானவை பொரிப்பக மீன்கள்.

"அதான் பொரிப்பகம் இருக்கே, நிறைய குஞ்சு பொரிச்சு விட்டா ஆச்சு" என்று தோன்றும். இங்கேயும் நூறு வருடம் அப்படித்தான் நினைத்தார்கள். மொன்டானாவில் டிக் வின்சென்ட் என்ற மீனியல் ஆய்வாளர் மேடிசன் ஆற்றில் எண்ணிப் பார்த்தார். வளர்ப்பு மீனைக் கொண்டுவந்து கொட்டும் இடங்களில் காட்டு மீன் குறைகிறது, கொட்டுவதை நிறுத்தினால் கூடுகிறது! அங்காடிக்காரர்கள், மீன்பிடிப்பவர்கள் எல்லாரும் கத்தினார்கள். ஆனாலும் 1974-இல் அந்த மாநிலம் டிரௌட் தானாகப் பெருகும் ஆறுகளில் வளர்ப்பு மீன் விடுவதை நிறுத்திவிட்டது. இன்றைக்கு உலகம் முழுக்கவிருந்து டிரௌட் பிடிக்க ஆட்கள் அங்கே போகிறார்கள். ஓரிகானில் ஹுட் ஆற்று ஸ்டீல்ஹெட்டை வைத்துச் செய்து 2007-இல் வெளியான ஆய்வு இன்னும் அதிர்ச்சி. பொரிப்பகத்தில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், இயற்கை ஆற்றில் குஞ்சு பெருக்கும் திறன் சுமார் 40 சதவீதம் குறைகிறது என்று மரபணுவை வைத்துக் கண்டுபிடித்தார்கள். சிமெண்ட் தொட்டியில் பிழைக்கத் தேவையான குணமும் ஆற்றில் பிழைக்கத் தேவையான குணமும் வேறு வேறு.

சரி, காட்டு மீனே வேண்டும் என்றால் அதற்கு ஆறு வேண்டும். இங்கேதான் என் பாடம் குறுக்கே வருகிறது.

நான் டெல்டாக்காரன். எங்கள் வீட்டில் மேட்டூர் அணை ஒரு கட்டடம் இல்லை, கிட்டத்தட்ட குலதெய்வம். 1934-இல் கட்டியது. ஜூன் 12 அன்று அணை திறக்குமா திறக்காதா என்பதுதான் எங்கள் வீட்டில் வருடத்தின் முதல் கேள்வி. திறந்தால் குறுவை, திறக்காவிட்டால் நகைக்கடன். தலைமடையில் தண்ணீர் வந்துவிட்டது என்றால் அப்பா குரலே மாறும். "நீ படிச்சுட்டு வந்து பொதுப்பணித் துறையில சேரு, அணை கட்டு" என்று சொல்லித்தான் அவர் என்னை சிவில் சேர்த்தார். அப்படிப்பட்டவன் இங்கே வந்து முதல் செமஸ்டரில் கேட்ட பாடம், எல்வா ஆற்றில் இரண்டு அணைகளை எப்படி உடைத்தார்கள் என்பது. கட்டுவதற்கு இல்லை, உடைப்பதற்கு ஒரு பாடம்!

எல்வா ஒலிம்பிக் தீபகற்பத்தில் உள்ள சின்ன ஆறு. நம் காவிரியோடு ஒப்பிட்டால் வாய்க்கால். 1913-இல் கீழே எல்வா அணை, 1927-இல் அதற்கு மேலே 64 மீட்டர் உயரத்துக்கு கிளைன்ஸ் கேன்யன் அணை. போர்ட் ஏஞ்சலஸ் ஊரின் ஆலைகளுக்கு மின்சாரம் எடுக்க. இரண்டிலும் மீன் ஏற வழி வைக்கவில்லை. 1890-களிலேயே வாஷிங்டனில் அணை கட்டினால் மீன்வழி வைக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. அதற்குப் பதில் பக்கத்தில் ஒரு பொரிப்பகம் கட்டிக்கொள்கிறோம் என்று சமாதானம் செய்துகொண்டார்கள். அந்தப் பொரிப்பகத்தையும் 1922-இல் மூடிவிட்டார்கள். ஆற்றின் கடைசி 8 கிலோமீட்டர் மட்டும் மீனுக்கு மிஞ்சியது. அதற்கு மேலே 100 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆறும் ஓடைகளும் அடைபட்டுப் போயின. வருடத்துக்கு நான்கு லட்சம் வரை வந்ததாக மதிப்பிடப்படும் மீன்கள் சில ஆயிரமாகச் சுருங்கின.

அந்த ஆற்றின் மக்கள் லோயர் எல்வா கிளாலம் பழங்குடிகள். அவர்களுடைய தொன்மக் கதையில் மனிதர்கள் படைக்கப்பட்ட இடமே அந்த ஆற்றங்கரைதான். அது அணையின் தண்ணீருக்குள் முங்கிக் கிடந்தது. அவர்கள் பல பத்தாண்டுகள் போராடி, 1992-இல் சட்டம் வந்து, 2011 செப்டம்பரில் உடைக்க ஆரம்பித்து, 2014-இல் முடித்தார்கள். அணைக்குப் பின்னால் தேங்கியிருந்த மண் சுமார் 2 கோடி கன மீட்டர். அதில் பெரும்பகுதியை ஆறே வாரிக்கொண்டு போய்க் கடலோரம் கொட்டிப் புதிதாக மணல்கரை போட்டது. (வண்டல் நின்றுபோனால் முகத்துவாரம் என்ன ஆகும் என்பது நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.)

இப்போது என்னை அசத்திய விஷயம். 1913-இல் அணை மூடியபோது மேல் ஆற்றில் சில ஸ்டீல்ஹெட் குடும்பங்கள் மாட்டிக்கொண்டன. கடலுக்குப் போக வழியில்லை. அவை அங்கேயே ரெயின்போ டிரௌட்டாகத் தங்கிவிட்டன. நூறு வருடம். அவற்றின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் யாருமே கடலைப் பார்க்கவில்லை. அணை உடைந்ததும் அந்த டிரௌட்டின் வாரிசுகளில் ஒரு பகுதி கிளம்பிக் கடலுக்குப் போயின. கோடை ஸ்டீல்ஹெட்டாகத் திரும்பி வந்தன. எல்வாவில் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்த கோடை ஸ்டீல்ஹெட் மறுபடி வந்ததற்கு, அணைக்கு மேலே தங்கியிருந்த அந்த டிரௌட்களின் மரபணு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். லாரியில் கொண்டுவந்து கொட்டிய மீன் இல்லை. வழி திறந்ததும், நூறு வருடம் மறக்காமல் இருந்த ஒன்று தானாகப் புறப்பட்டது.

அந்த இடத்தைப் பார்க்கப் போன வசந்தத்தில் போயிருந்தேன். சாலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதால் மேடிசன் அருவிக்கு அப்பால் நடைதான். பழைய அணையின் ஓரத்துண்டு ஒன்றைப் பார்வை மேடையாக விட்டு வைத்திருக்கிறார்கள். அதன் மேல் நின்று கீழே பார்த்தால் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவில் ஆறு பச்சையாகப் பாய்கிறது. கையில் தூண்டில் இல்லை. உடைக்க ஆரம்பித்த 2011-இலேயே மீன்கள் தேறட்டும் என்று ஆற்றில் மீன்பிடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பழங்குடிகளும் தாங்களாகவே வலையை எடுத்து வைத்தார்கள். 2023-இல்தான் சடங்குக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் கொஞ்சம் கோஹோ சால்மன் பிடித்தார்கள். ஆற்றை மீட்டுக் கொடுத்தவர்கள் அதில் மீன் பிடிக்கப் பன்னிரண்டு வருடம் காத்திருந்தார்கள். மீனை விடுவது பெரிய தியாகம் என்று நினைக்கும் எங்கள் மாதிரி ஆட்கள் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டிய இடம் இது.

அடக்கி வாசிக்க இன்னொரு காரணமும் உண்டு. தூண்டில்காரர்களின் வரலாறு அவ்வளவு சுத்தம் இல்லை. நிஸ்குவாலி பழங்குடியைச் சேர்ந்த பில்லி ஃபிராங்க் ஜூனியர் தன் ஆற்றில் மீன் பிடித்ததற்காக 1945-இல் 14 வயதில் முதல் முறை கைது செய்யப்பட்டார். பிறகு ஐம்பது தடவைக்கும் மேல். ஒப்பந்தப்படி பிடிக்கத் தகுந்த மீனில் பாதி பழங்குடிகளுக்கு உரிமை என்று 1974-இல் நீதிபதி போல்ட் தீர்ப்புச் சொன்னபோது, அதை எதிர்த்துக் கூச்சல் போட்டவர்களில் பொழுதுபோக்குக்கு ஸ்டீல்ஹெட் பிடிப்பவர்கள் ஏராளம். இன்றும் சாப்பிடாத மீனைப் பிடித்து விளையாடுவது மரியாதையில்லை என்று கருதும் பழங்குடியினர் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட என் அம்மா கட்சி. விட்ட மீன் எல்லாம் பிழைக்கும் என்பதும் இல்லை, கொஞ்சம் சாகத்தான் செய்யும்.

சரி, எல்வா ஒரு சின்ன ஆறு, சுலபமான கேஸ். அந்த அணையை நம்பி யாரும் நாற்று விடவில்லை. கலிஃபோர்னியா - ஓரிகான் எல்லையில் கிளமத் ஆற்றில் 2024-இல் நான்கு அணைகளை உடைத்து முடித்தார்கள். அவையும் மின்சாரத்துக்கு மட்டும்தான். அந்த அக்டோபரிலேயே சினூக் சால்மன் ஓரிகான் பக்கம் ஏறி வந்துவிட்டது. படிக்கும்போது கைதட்டத் தோன்றுகிறது.

கஷ்டமான கேஸ் ஸ்நேக் ஆறு. 1962-க்கும் 1975-க்கும் இடையில் கட்டிய நான்கு அணைகள். இவற்றில் மீன் ஏறப் படிக்கட்டு இருக்கிறது. ஏறுவது அல்ல பெரிய பிரச்சினை, குஞ்சுகள் இறங்குவதுதான். ஒரு காலத்தில் பனி உருகும் வெள்ளம் அவற்றைச் சில நாட்களில் கடலுக்கு அடித்துக்கொண்டு போகும். இப்போது தேங்கி நின்று சூடாகும் ஏரிகளையும் டர்பைன்களையும் தாண்டி, கீழே கொலம்பியாவின் நான்கையும் சேர்த்து எட்டு அணைகளைக் கடக்க வேண்டும். ஐடஹோ ஸ்டீல்ஹெட்டின் கதி அதுதான். ஆனால் இந்த அணைகள் இருப்பதால்தான் கடலிலிருந்து 748 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் லூயிஸ்டன் ஊர்வரை படகு போகிறது. அந்தப் படகில்தான் மேட்டு நிலத்து விவசாயிகளின் கோதுமை இறங்குகிறது. உடைக்க வேண்டும் என்கிற பழங்குடிகளோடும் ஓரிகான், வாஷிங்டன் மாநிலங்களோடும் 2023 டிசம்பரில் மத்திய அரசு ஓர் ஒப்பந்தம் போட்டது. 2025 ஜூனில் அடுத்த அரசு அதிலிருந்து விலகிக்கொண்டது.

எங்கள் வகுப்பில் இதைப் பற்றி விவாதம் வந்தது. பெரும்பாலோர் உடைக்கும் கட்சி. ஒரே ஒரு பெண் எதிர்த்துப் பேசினாள். அவள் வீடு கிழக்கு வாஷிங்டனில் கோதுமை விவசாயம். "படகு நின்றால் லாரிக்கும் ரயிலுக்கும் கூலி யார் கொடுப்பார்கள்?" என்று கேட்டாள். அவள் குரலில் எனக்கு எங்கள் அப்பா கேட்டது. எனக்கு முன்னால் இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒரு பக்கம் கையில் பத்து நொடி இருந்துவிட்டுப் போன அந்த மீன். இன்னொரு பக்கம் தலைமடையில் நின்று தண்ணீருக்குக் காத்திருக்கும் அப்பா. ஏதாவது ஒரு பக்கம் சுலபமாகக் கை தூக்க என்னால் முடியவில்லை, தூக்கவும் இல்லை. பேராசிரியர் கேட்டபோது நான் சொன்னது இதுதான்: முதலில் அந்தக் கோதுமைக்கு ரயில் பாதையும் அந்த மின்சாரத்துக்கு மாற்றும் செய்து கொடுங்கள், அதை எழுத்தில் கொடுங்கள், பிறகு உடையுங்கள். மீனுக்கு நியாயம் செய்வதன் செலவை ஒரு விவசாயி மட்டும் தலையில் சுமக்கக் கூடாது. அதே போல, நம் மின்சாரத்தின் செலவை நூறு வருடமாக ஒரு பழங்குடி மட்டும் சுமந்ததும் நியாயம் இல்லை. இன்னமும் நான் இதில்தான் நிற்கிறேன்.

அணை மட்டும்தான் வில்லன் என்றும் நினைக்க வேண்டாம். சியாட்டில் பக்கத்து ஓடைகளில் மழை பெய்தவுடன் கோஹோ சால்மன்கள் சில மணி நேரத்தில் செத்து மிதந்தன. பல வருடம் காரணம் தெரியவில்லை. 2020-இல் கண்டுபிடித்தார்கள், கார் டயர்! ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் ஒரு ரசாயனம் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து விஷமாகி, டயர் தேய்ந்த தூளோடு மழைநீரில் கலக்கிறது. ரெயின்போ டிரௌட்டையும் ஸ்டீல்ஹெட்டையும்கூட அது கொல்லும் என்று பிறகு தெரிந்தது. மீன் பிடிக்க ரெண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போகிறவன் படிக்க வேண்டிய செய்தி. மழைநீரை மண்ணும் மக்கிய இலையும் நிரப்பிய பள்ளத்தில் வடிகட்டி விட்டாலே பெரும்பகுதி விஷம் போய்விடுகிறது என்பது ஆறுதல்.

கடைசியாக நம்மூர்.

இதே ரெயின்போ டிரௌட் நம் நீலகிரியிலும் இருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளைக்காரத் துரைகளுக்குத் தூண்டில் போட மீன் வேண்டும் என்று 1860-களிலேயே முயற்சி நடந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எச். சி. வில்சன் காலத்தில்தான் வெற்றி. அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது அப்படித்தான். இங்கே மண்ணின் மைந்தன், அங்கே கப்பலில் வந்த விருந்தாளி. ஆகவே "டிரௌட்டைக் காப்போம்" என்று இங்கே சொல்லும் கோஷத்தை அப்படியே ஊட்டிக்குக் கொண்டு போனால் பொருள் மாறிவிடும். அங்கே காக்க வேண்டியது சோலையும் அதன் ஓடையும்.

நம் ஸ்டீல்ஹெட் யார் என்று கேட்டால் நான் இரண்டு பெயர் சொல்வேன். ஒன்று காவிரியின் திமில் மஹ்சீர். மோயாற்றிலும் காவிரியிலும் மட்டும் மிஞ்சியிருக்கும், ஐம்பது கிலோ வரை வளரும் ராட்சசக் கெண்டை. அதன் சரியான அறிவியல் பெயரையே 2018-இல்தான் உறுதி செய்தார்கள், அதே வருடம் மிக மோசமான அழிவு ஆபத்துப் பட்டியலிலும் சேர்த்தார்கள். காரணங்களில் ஒன்று, பொரிப்பகத்தில் வளர்த்துக் காவிரியில் விட்ட வேறு வகை மஹ்சீர். நல்ல எண்ணத்தில் விட்டதுதான்! இது எப்படித் தெரிந்தது தெரியுமா? கர்நாடகப் பகுதிக் காவிரியில் மீனைப் பிடித்து, எடை பார்த்து, திருப்பி விட்ட தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகங்கள். 1998 முதல் 2012 வரை அவர்கள் எழுதி வைத்த கணக்கில் ஒரு வகை ஏறுவதும் திமில் மஹ்சீர் மறைவதும் அப்பட்டமாகத் தெரிந்தது. அம்மா, உன் கேள்விக்கு இதையும் ஒரு பதிலாக வைத்துக்கொள். பிடித்து விடுகிறவன் எண்ணுகிறான். எண்ணியதால்தான் ஒரு மீன் போய்க்கொண்டிருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தது.

இரண்டாவது உல்லம். வங்காளிகளின் ஹில்சா, ஆந்திரர்களின் புலசை. தாலியை விற்றாவது தின்னலாம் என்று கோதாவரிக்காரர்கள் பெருமை பேசும் அதே மீன். கடலில் வளர்ந்து, வெள்ளம் வரும்போது ஆற்றில் ஏறி முட்டையிடும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் அது ஏறிக்கொண்டிருந்தது. அணைகள் வந்தன, வெள்ளம் அடங்கியது, மேலே ஏறும் உல்லம் கதையாகிவிட்டது. மேட்டூரை உடைக்கச் சொல்லும் பைத்தியம் நான் இல்லை. எங்கள் வீட்டுச் சோறு அதில் இருக்கிறது. ஆனால் கீழே இருக்கிற கதவணைகளில் மீன் ஏற ஒரு வழி வைக்க முடியாதா, ஐப்பசியில் சில நாள் முகத்துவாரம் வரை தண்ணீர் போக விட முடியாதா என்று கணக்குப் போட முடியும். யாகிமா ஆறும் மேட்டூர் மாதிரி அணை வைத்துப் பாசனத்துக்குத் திறக்கும் ஆறுதான். ஆப்பிளுக்கும் ஹாப்ஸுக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, சால்மன் முட்டையிடும் செப்டம்பரில் எந்த அணையிலிருந்து எவ்வளவு விடுவது என்று மாற்றி மாற்றித் திறக்கிறார்கள். குறையில்லாத ஏற்பாடு இல்லை, ஆனால் ஏற்பாடு.

என் ஆய்வுக் கட்டுரைக்கு இதைத்தான் எடுத்திருக்கிறேன், கொள்ளிடத்தின் கடைமடையில் மீன்வழி. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. "அணை கட்டப் போனவன் அதுல ஓட்டை போடப் படிக்கிறானா?" என்பார். பொதுப்பணித் துறை கனவு இருக்கட்டும், அங்கே போனாலும் இதைப் பேச ஓர் ஆள் வேண்டுமே.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் ஆற்றில் தாத்தா காலத்தில் ஏறி வந்து, இப்போது வராத மீன் ஏதாவது உண்டா? ஊரில் அதற்கு என்ன பெயர், எந்த மாதம் வரும், கடைசியாக எப்போது பார்த்தார்கள்? வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். புத்தகங்களில் இருக்கும் கணக்கு எனக்குப் போதவில்லை.